லித்தியமும் உப்பில்லாப் பத்தியமும்

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். தம்பிக்கு 26 வயது. மனஎழுச்சியும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறு என்று கண்டறிந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. லித்தியமும் ஓலன்சபினும் சாப்பிடுகிறார். வேலைக்குப் போகிறார், ஆனால் 14 கிலோ எடை கூடிவிட்டது, கை நடுங்குகிறது, முன்போல் சிரிப்பதில்லை. அம்மா அவரைக் குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்கவைக்க ஆசைப்படுகிறார். மாமா ஒரு சித்த வைத்தியரைச் சொல்கிறார். யோகா, மூலிகை, தியானம், உணவு எல்லாவற்றையும் சேர்த்து 90 நாளில் மாத்திரையே இல்லாமல் செய்துவிடுவோம் என்று ஒரு மையம் விளம்பரம் செய்வதையும் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். "ஒருங்கிணைந்த மனநலச் சிகிச்சை என்பது உண்மையா, ஏமாற்றா?" என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். நான் அதற்குள் இன்னொரு கேள்வியையும் படிக்கிறேன்: இந்த மாத்திரையிலிருந்து அவனை விடுவிக்க வழி இருக்கிறதா? இரண்டும் வேறு வேறு கேள்விகள். முதலாவதற்கு என் பதில், உண்மைதான், நானே அப்படித்தான் சிகிச்சை செய்கிறேன். இரண்டாவதற்கு, அந்த விளம்பரம் சொல்லும் வழியில் இல்லை.

மாவட்ட அளவில் மனநல மருத்துவராக 22 ஆண்டுகள் வேலை செய்திருக்கிறேன். சித்த மருத்துவம் முறையாகப் படித்தவன் அல்லன். அதைப் பற்றிச் சொல்பவை சித்த மருத்துவர்களோடு சேர்ந்து நோயாளிகளைப் பார்த்ததில் தெரிந்துகொண்டவை. உங்கள் தம்பியை நான் பார்த்ததில்லை என்பதால், கீழே வரும் எதையும் அவருடைய மருந்துச் சீட்டில் மாற்றம் செய்வதற்கான அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவருடைய மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். லித்தியம் ஆய்வுக்கூடத்தில் புதிதாகக் கண்டுபிடித்த ரசாயனம் அல்ல. பாறையிலும் ஊற்று நீரிலும் இயற்கையாகவே இருக்கும் ஒரு தனிமத்தின் உப்பு. இது மனஎழுச்சியைத் தணிக்கிறது என்று ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர் 1949இல் எழுதினார். அதற்குப் பிறகு எத்தனையோ மருந்துகள் வந்தும், இருமுனைக் கோளாறு திரும்ப வராமல் தடுப்பதில் அது இன்னும் முன்வரிசையில் இருக்கிறது. தற்கொலை அபாயத்தைக் குறைப்பதற்கு நல்ல ஆதாரம் உள்ள மிகச் சில மருந்துகளில் அதுவும் ஒன்று. அதைத் திடீரென்று நிறுத்தினால் நோய் சில மாதங்களுக்குள் திரும்பி வரும் வாய்ப்பு அதிகம், தற்கொலை அபாயமும் கூடுகிறது. நிறுத்த வேண்டிய தேவை வந்தால் வாரக்கணக்கில், முடிந்தால் மாதக்கணக்கில், மெதுவாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். 90 நாள் வாக்குறுதியைக் கண்டு நான் பயப்படுவது இதனால்தான். மாத்திரையை நிறுத்திய முதல் சில வாரங்களில் பலர் நன்றாகவே இருப்பார்கள். நடுக்கம் போகும், முகம் தெளியும், குடும்பம் மகிழும். மையம் பணத்தை வாங்கி, படத்தை எடுத்துப் போட்டுவிடும். நான்காவது மாதமோ ஆறாவது மாதமோ மூன்று இரவு தூங்காமல் அந்தப் பையன் அவசரப் பிரிவுக்கு வரும்போது மையம் அங்கே இருக்காது.

இப்போது உப்பு. நீங்கள் சித்த வைத்தியரிடம் போனாலும் போகாவிட்டாலும் இது உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சிறுநீரகம் லித்தியத்தைக் கிட்டத்தட்டச் சோடியத்தைப் போலவே நடத்துகிறது. உடலில் உப்போ நீரோ குறைந்தால், சோடியத்தை வெளியே விடாமல் பிடித்துவைக்கும்போது லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்துவைத்துக்கொள்கிறது. அதே மாத்திரை, அதே அளவு, ஆனால் ரத்தத்தில் அளவு ஏறிவிடும். பராமரிப்புக் காலத்தில் பெரும்பாலும் லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை வைத்துக்கொள்கிறோம், சிலருக்கு 1.0 வரை. 1.5ஐத் தாண்டினால் நச்சாகிறது. பயன் தரும் அளவுக்கும் கெடுதல் செய்யும் அளவுக்கும் இடையே இவ்வளவு குறுகிய இடைவெளி உள்ள மருந்துகள் குறைவு.

சித்த மரபில் பல நோய்களுக்குப் பேதிக்குக் கொடுத்து வாதத்தைத் தணித்துவிட்டுத்தான் மருந்தைத் தொடங்குவார்கள். பிறகு பத்தியம், அதிலும் உப்பை நீக்கிய பத்தியம் பல மருந்துகளுக்கு உண்டு. அந்த மரபுக்குள் அதற்கு நியாயம் இருக்கிறது. ஆனால் லித்தியம் சாப்பிடும் ஒருவருக்குப் பேதியும் உப்பில்லாப் பத்தியமும் ஒரே வாரத்தில் நடந்தால் என்ன ஆகும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். முப்பது வயது நெசவாளர் ஒருவரை இரண்டு பேர் தாங்கிப்பிடித்துக் கூட்டி வந்தார்கள். நடை தள்ளாடியது, பேச்சுக் குழறியது, கை பறை அடிப்பதுபோல் ஆடியது. பழைய மாத்திரையின் நஞ்சு முறிந்து வெளியேறுகிறது என்று வீட்டில் நான்கு நாள் காத்திருந்திருக்கிறார்கள். ரத்தத்தில் லித்தியம் 2ஐத் தாண்டியிருந்தது. பிழைத்துக்கொண்டார். அந்த வைத்தியர் தன் நூல்படி நேர்மையாகத்தான் செய்திருந்தார். நோயாளி ஆங்கில மருந்து சாப்பிடுவதையே யாரும் அவரிடம் சொல்லவில்லை. உப்பைக் குறைக்கக் கூடாது என்று நானும் அந்தக் குடும்பத்துக்கு அதற்கு முன்பு ஒருநாளும் சொல்லியிருக்கவில்லை. அன்றிலிருந்து லித்தியம் எழுதும் ஒவ்வொரு சீட்டின் பின்பக்கமும் என் கையால் எழுதிக்கொடுக்கிறேன்: உப்பைக் குறைக்காதே, தண்ணீர் குடி, வாந்திபேதி வந்தால் மாத்திரையை நிறுத்திவைத்து உடனே வா. மருந்துக்கடையில் கேட்காமலே தரும் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும், சில ரத்த அழுத்த மாத்திரைகளும் இதே வேலையைச் செய்யும் என்பதையும் சேர்த்து எழுதுகிறேன். ஆபத்து ஒரு மருத்துவ முறையிலிருந்து மட்டும் வருவதில்லை. சிறுநீரைப் பெருக்கும் மூலிகைகளையும் இந்தப் பட்டியலில் வைத்தே பார்க்கிறேன். நெருஞ்சில் குடிநீர், மூக்கிரட்டை எல்லாம் சாதாரண ஆளுக்கு நல்லதாக இருக்கலாம். லித்தியம் சாப்பிடுபவர் கேட்காமல் குடிக்கக் கூடாது.

இந்த இடத்தில் உங்கள் தம்பிக்காக ஒன்று. எடை கூடியது, மந்தமாக இருக்கிறார், சிரிப்பதில்லை என்கிறீர்கள். ஓலன்சபின் எடையைக் கூட்டும், அது உண்மை. ஆனால் லித்தியம் சிலருக்குத் தைராய்டைக் குறைத்துவிடும். அப்போதும் இதே மூன்றும்தான் வரும். கடைசியாக எப்போது தைராய்டு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், லித்தியம் அளவு பார்த்தார்கள்? ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால், கோயிலுக்கும் வைத்தியருக்கும் முன்னால் அந்த ரத்தப் பரிசோதனைதான். மாத்திரை சாப்பிட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும், இல்லையென்றால் அளவு தவறாகக் காட்டும். மனிதனை முழுதாகப் பார்ப்பது என்று எல்லோரும் பேசுகிறார்கள்; என் அனுபவத்தில் அதில் அதிகம் விட்டுப்போவது உடம்புதான். தைராய்டு குறைவுக்கு மாத்திரை கொடுத்ததும் சிரிப்புத் திரும்பி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு நான் சித்த மருத்துவத்துக்கு எதிரி என்று உங்கள் மாமா நினைக்க வேண்டாம். சித்த நூல்கள் கிரிகை என்ற பெயரில் 18 வகை மனநோய்களைப் பிரித்துச் சொல்கின்றன. அந்த வருணனைகளில் சில, இன்று என் முன்னால் வந்து உட்காரும் நோயாளியைப் பார்த்து எழுதியதுபோலவே இருக்கும். மூலிகைக்கு வீரியம் இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன். சிவன் அமல்பொடி என்று நம்மவர்கள் சொல்லும் சர்ப்பகந்தியை மனநோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் கொடுத்துப் பார்த்து, கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரண்டு இந்திய மருத்துவர்கள் 1931இலேயே கட்டுரை எழுதினார்கள். 1952இல் அதன் வேரிலிருந்து ரிசர்பின் என்ற வேதிப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. சில ஆண்டுகள் உலகம் முழுவதும் மனநோய் மருத்துவமனைகளில் அது பயன்பட்டது. பிறகு ரத்த அழுத்தம் அதிகமாகக் குறைவதாலும், சிலருக்கு மனச்சோர்வு வருவதாகக் கண்டதாலும், அதைவிடப் பாதுகாப்பான மருந்துகள் வந்ததாலும் ஒதுங்கியது. மூலிகை என்றால் பக்கவிளைவு இல்லை என்று சொல்பவர்களிடம் நான் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். வேலை செய்யும் எதுவும் உடம்பில் வேறெங்காவதும் வேலை செய்யும்.

அமுக்கராவை, அதாவது அசுவகந்தாவை, பற்றிக் கேட்டிருந்தீர்கள். மன அழுத்தம், பதற்றம், தூக்கம் ஆகியவற்றுக்குச் சிறிய ஆய்வுகளில் ஓரளவு பயன் தெரிகிறது. இருமுனைக் கோளாறு உள்ளவர்களின் நினைவாற்றலுக்கு, வழக்கமான மருந்தோடு கூடுதலாகக் கொடுத்துப் பார்த்த ஒரு சிறிய ஆய்வும் உண்டு. சில அம்சங்களில் முன்னேற்றம் கண்டார்கள். ஆனால் அது தைராய்டு ஹார்மோனைக் கூட்டக்கூடும், கல்லீரல் பாதிப்பும் அரிதாகப் பதிவாகியிருக்கிறது. லித்தியம் ஏற்கெனவே தைராய்டைத் தொடும் ஒருவருக்கு இதைச் சேர்ப்பதென்றால் பரிசோதனை செய்துகொண்டே சேர்க்க வேண்டும். வல்லாரை, நீர்ப்பிரமி பற்றி உணவளவில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அவை இந்த நோயைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரமும் இல்லை. பாதரசம் சேர்ந்த செந்தூரம், பற்பம் ஆகியவற்றுக்கு மட்டும், லித்தியம் சாப்பிடும் ஒருவருக்கு, வேண்டாம் என்று நேராகச் சொல்கிறேன். பாதரசம் சிறுநீரகத்தைத் தாக்கும். லித்தியமோ சிறுநீரகத்தை நம்பியே வெளியேறுகிறது. 2004இல் பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது.

கோயிலுக்கு வருகிறேன். இங்கே அம்மாவின் மனதைப் புண்படுத்தாமல் எழுத வேண்டும் என்று எனக்கு அக்கறை இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு தாய் மகன் கையில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டு வரச் சொன்னேன். அந்தக் குடும்பம் அதற்குப் பிறகு வரவேயில்லை. அந்தப் பையன் என்ன ஆனான் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன். கயிற்றால் அவனுக்கு எந்தத் தீங்கும் இல்லை, நான் பேசிய பேச்சால் சிகிச்சை நின்றுபோனது.

கோயிலில் தங்குவதைப் பற்றி ஆய்வே இல்லை என்றும் சொல்ல முடியாது. நம் மாநிலத்திலேயே, வேலாயுதம்பாளையம்புதூரில் உள்ள முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரைப் பெங்களூர் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸைச் சேர்ந்த மருத்துவர்கள் கவனித்து, 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். பெரும்பாலோர் மனச்சிதைவு போன்ற கடுமையான நோய் உள்ளவர்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். சடங்கு என்று பெரிதாக எதுவும் இல்லை. காலையில் எளிய பூஜை, பிறகு கோயில் வேலை, கூடவே வீட்டார். நோயின் கடுமையை அளக்கும் மதிப்பெண் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்தது. ஒப்பிடுவதற்கு வேறொரு குழு இல்லை, எண்ணிக்கை சிறியது, பிறகு எப்படி இருந்தார்கள் என்பதும் அதில் இல்லை. ஆகவே தெய்வம் குணப்படுத்தியது என்றோ குணப்படுத்தவில்லை என்றோ அதை வைத்துச் சொல்ல இயலாது. யாரும் ஏசாத, யாரும் பயப்படாத ஓர் இடம், ஒழுங்கான நாள், வீட்டார் அருகில் இருப்பது, இவை மனநோய்க்கு நல்லது என்பதே நான் அதிலிருந்து எடுத்துக்கொள்வது. இதற்கு மறுபக்கமும் நம் மண்ணில்தான் நடந்தது. 2001 ஆகஸ்ட் 6 அன்று, மனநோயாளிகளைக் கூட்டிவரும் தர்கா உள்ள ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல், பின்னர் இறந்தவர்களையும் சேர்த்து 28 பேர் மாண்டார்கள். இறைவனை நம்பி விடப்பட்டவர்களை மனிதர்கள் காசுக்குக் கட்டிவைத்த கதை அது. அதற்குப் பிறகுதான், தர்காவை மூடாமல் தர்காவுக்கே மருத்துவரை அனுப்புவது என்ற யோசனை வலுப்பட்டது. குஜராத்தின் உனாவாவில் உள்ள தர்காவில் துவாவும் தவாவும், அதாவது பிரார்த்தனையும் மருந்தும், சேர்ந்து நடக்கின்றன; ஏர்வாடியிலும் தமிழக அரசு அதே வழியில் சிகிச்சை கொடுக்கிறது. தொழுகை முடிந்து வருபவர் அப்படியே மாத்திரையும் வாங்கிக்கொண்டு போகிறார். ஒருங்கிணைப்பு என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான பொருள் எனக்குத் தெரியாது.

ஆகவே குணசீலத்துக்குப் போகட்டும். உச்சிக்காலத்தில் முகத்தில் தெளிக்கும் தீர்த்தம் லித்தியத்தோடு சண்டை போடாது. அம்மாவிடம் மூன்று வாக்குறுதிகளை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். 48 நாளும் மாத்திரை ஒரு வேளையும் தவறக் கூடாது. தண்ணீர் குடிக்காத விரதம் கூடாது. இரவுக் கண்விழிப்புக் கூடாது. இருமுனைக் கோளாறில் ஓர் இரவுத் தூக்கம் போவதே மனஎழுச்சியைத் தொடக்கிவைக்கும். சிவராத்திரிக்கும் வைகுண்ட ஏகாதசிக்கும் அடுத்த வாரம் புறநோயாளிப் பிரிவில் சில பழைய முகங்களை நான் எதிர்பார்த்தே உட்கார்ந்திருப்பேன். சாமிக்குக் கோபம் வராது என்று அம்மாவிடம் பூசாரியையே சொல்லச் சொல்லுங்கள். பல பூசாரிகள் மனமுவந்து சொல்வார்கள்.

யோகா பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் மருந்தோடு சேர்த்துச் செய்தால் பயன் உண்டு. மனச்சிதைவில், நிம்ஹான்ஸ் 61 பேரைப் பிரித்து, ஒரு பாதிக்கு யோகாவும் மறுபாதிக்கு உடற்பயிற்சியும் கொடுத்து 2007இல் வெளியிட்ட ஆய்வில் யோகா குழு மேலாக இருந்தது. எல்லோரும் மருந்தையும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். இருமுனைக் கோளாறுக்கு ஆதாரம் மெலிந்தது. ஆசனமும் மெதுவான மூச்சும் செய்யலாம். கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமான மூச்சுப் பயிற்சிகளையும், பத்து நாள் மௌனத் தியான முகாம்களையும் இப்போதைக்குத் தவிர்க்கச் சொல்வேன். எளிதில் கிளர்ந்தெழும் மனத்தை அவை தூண்டிவிட்டதாகத் தனி நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. எவ்வளவு பேருக்கு அப்படி ஆகும் என்ற கணக்கு இல்லை. தினமும் முக்கால் மணி நேர வேக நடை எடைக்கும் மனத்துக்கும் நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மருந்தல்லாத சிகிச்சைகளில் இந்த நோய்க்கு நல்ல ஆதாரம் உள்ளது எது தெரியுமா? நோயைப் பற்றி நோயாளிக்கும் வீட்டாருக்கும் முறையாகக் கற்பிப்பது. பார்சிலோனாவில் 120 பேரை எடுத்துக்கொண்டு, பாதிப்பேருக்கு 21 அமர்வுகளில் இதைக் கற்றுக்கொடுத்தார்கள்: என் நோய் எப்படித் தொடங்கும், முதல் அடையாளம் எது, அப்போது யாரைக் கூப்பிட வேண்டும், மாத்திரையை ஏன் விடக் கூடாது. மறுபாதிப்பேரும் அதே எண்ணிக்கையில் கூடிப் பேசினார்கள், ஆனால் பாடம் இல்லை. பாடம் படித்தவர்களுக்கு நோய் திரும்பியது குறைவு. ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் அந்த வேறுபாடு நீடித்தது. எழும் நேரம், உண்ணும் நேரம், உறங்கும் நேரத்தை ஒரே சீராக வைத்துக்கொள்ளப் பழக்கும் சிகிச்சைக்கும் ஆதாரம் உண்டு. இதை யாரும் பளபளப்பாக விளம்பரம் செய்வதில்லை, ஒரு குறிப்பேடும் பேனாவும் போதும் என்பதாலோ என்னவோ. தம்பியோடு உட்கார்ந்து, போன முறை நோய் ஏறியபோது முதல் வாரத்தில் என்னென்ன மாறியது என்று எழுதுங்கள். தூக்கம் குறைந்ததா, போன் பேச்சு கூடியதா, கடன் வாங்கினாரா? அவர் நன்றாக இருக்கும் இப்போதுதான் அதை எழுத முடியும்.

எடையைப் பற்றி அவர் குறைப்பட்டுக்கொண்டால் அது நியாயமான குறை. 26 வயதில் 14 கிலோ என்பது சின்ன விஷயம் இல்லை. என் துறையைச் சேர்ந்த பலர் அதை, நோய்க்கு இது பரவாயில்லை, என்று தட்டிக்கழிக்கிறோம். பிறகு நோயாளி சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார். ஓலன்சபினைக் குறைக்கலாமா, எடை கூட்டாத வேறொன்றுக்கு மாறலாமா, எடையைக் கட்டுப்படுத்த மெட்ஃபார்மின் சேர்க்கலாமா என்று நேராகக் கேளுங்கள். இவை மூன்றும் நடைமுறையில் உள்ளவை. லித்தியம் ஒன்றே போதும் என்ற நிலையில் பலர் இருக்கிறார்கள். மாத்திரை குறைய வேண்டும் என்ற உங்கள் ஆசைக்கு முறையான கதவு அதுதான்.

அந்த 90 நாள் மையத்திடம் கேட்பதற்குக் கேள்விகள் தருகிறேன். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சித்தம், ஆயுர்வேதம், யோகா வழியில் மனநோயாளிகளைத் தங்கவைத்துச் சிகிச்சை செய்யும் இடங்களையும் உள்ளடக்கியது. அவையும் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். லித்தியத்தை யார் குறைக்கிறார், அவர் மனநல மருத்துவரா, ரத்த அளவை எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்கிறார் என்று கேளுங்கள். கொடுக்கும் மருந்தின் உள்ளடக்கத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். வீட்டார் எந்த நாளும் வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். ஒருவரைச் சங்கிலியால் கட்டுவது அந்தச் சட்டத்தில் வெளிப்படையாகத் தடை செய்யப்பட்டிருக்கிறது. எங்கள் மருந்து ரகசியம் என்று பதில் வந்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள். மாமா சொன்ன வைத்தியரிடமும் இதே கேள்விகள்தான். அவர் பதிவு பெற்ற சித்த மருத்துவராக இருந்து, தம்பியின் சீட்டைப் பார்த்து, உங்கள் மனநல மருத்துவரோடு போனில் பேசச் சம்மதித்தால், அப்படிப்பட்டவரோடு வேலை செய்வது எனக்கு எப்போதும் மகிழ்ச்சியாகவே இருந்திருக்கிறது. என் ஊரில் அப்படி ஒரு பெரியவர் இருந்தார். பத்தியம் சொல்வதற்கு முன்பு, "உப்பு இருக்கட்டுமா டாக்டர்?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுவார்.

இப்போது செய்ய வேண்டியது இவ்வளவுதான். இந்த வாரம் ரத்தப் பரிசோதனை. அதன் முடிவையும், சாப்பிடும் எல்லாவற்றின் பெயரையும், லேகியம், சூரணம், சத்து மாவு உட்பட, ஒரே தாளில் எழுதி எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். கோயில் விஷயத்தை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். இதற்கிடையில் கை நடுக்கம் பெரிதாகி, பேச்சுக் குழறி, நடை தள்ளாடினால் அன்றைக்கே அருகில் உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போய் லித்தியம் சாப்பிடுகிறார் என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அவர் சாவைப் பற்றிப் பேசினாலோ, இரண்டு இரவு தூங்காவிட்டாலோ காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். கிடைக்கவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம். பரிசோதனை முடிவு வந்ததும் இங்கே எழுதினால், குணசீலத்துக்குப் போகும் முன் மருத்துவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.